தியேட்டர் ஹாரன் பெட்டியில் பேஸ் வரவில்லை: எங்கே கை வைப்பது?

1. மரப்பெட்டி (திண்டுக்கல்)

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பழைய தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபமாக மாற்றுகிறார்கள். திரைக்குப் பின்னால் நின்ற இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைப் பழைய சாமான் கடைக்காரர் ஏற்றிப் போவதற்கு முதல் நாள் பேசி வாங்கிவிட்டேன். குட்டியானையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

ஒவ்வொன்றும் நாலரை அடி உயரம், இரண்டரை அடி அகலம், இரண்டடி ஆழம். ஆல்டெக் கம்பெனியின் ‘வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்’ ஏ7 வடிவம். ஆனால் பெட்டி அமெரிக்காவிலிருந்து வந்ததில்லை. உள்ளூர் ஆசாரி யாரோ அளவு பார்த்துச் செய்திருக்கிறார். பின்பலகையைக் கழற்றினால் உள்ளே பென்சிலில் அடி, அங்குலக் கணக்கு எழுதியிருக்கிறது. வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) மட்டும் அசல் ஆல்டெக் 416, 15 அங்குலம். மேலே 811 வார்ப்பு அலுமினியக் குழாய் (ஹாரன்), அதன் பின்னால் அதற்கு ஒலி கொடுக்கும் கம்ப்ரஷன் டிரைவர்.

ஈஎல்34 வால்வு ஆம்ப் (ஆம்பிளிஃபயர்) போட்டுக் கேட்டேன். குரல் வரும் விதத்தை எப்படிச் சொல்வது! பாடுகிறவர் ஸ்பீக்கரை விட்டு இறங்கி வந்து அறை நடுவில் நிற்பது போல இருந்தது. நாயனம், வீணை, தபேலாவின் மேல் பக்கம் எல்லாமே அப்படித்தான். ஆனால் கீழே, அதாவது பேஸ் என்கிற கனத்த தாழ்ந்த ஒலியில், ஒன்றுமே இல்லை. எண்பதுகளின் சினிமாப் பாட்டில் பேஸ் கிட்டார் நடப்பது எனக்கு மனப்பாடம். அதைத் தேட வேண்டியிருக்கிறது. அம்மா கேட்டுவிட்டு, “பாட்டு நல்லா இருக்குடா, அடி இல்லையே” என்றார்.

அறை 14க்கு 12 அடி, செங்கல் சுவர், டைல்ஸ் தரை. மூன்று யோசனை வைத்திருக்கிறேன். வூஃபரைக் கழற்றிவிட்டுப் புது 18 அங்குலம் போடலாம், கீழே உள்ள போர்ட்டை (காற்று வெளிவரும் திறப்பு) இன்னும் பெரிதாக வெட்டலாம், ஆம்பில் பேஸைக் கூட்டலாம். எது சரி?

2. குழாய்செட் (விருதுநகர்)

தம்பி, மூன்றையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். முப்பது வருஷமாக மைக் செட் தொழில் எனக்கு. மரத்தில் குழாய் கட்டிய காலத்திலிருந்து இன்று பாக்ஸ் அடுக்கும் காலம் வரைக்கும் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரி எடுங்கள். ஒரு வூஃபரின் இரண்டு முனையிலும் ஒரு நொடி தொட்டு, கூம்பு முன்னால் வருகிறதா பின்னால் போகிறதா என்று பாருங்கள். அதே மாதிரி பிளஸ்ஸை அதே முனையில் வைத்து அடுத்த பெட்டி. இரண்டும் ஒரே பக்கம் நகர வேண்டும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால் ஒன்று தள்ளுகிற காற்றை மற்றது இழுத்துக்கொள்ளும். குரல் வரும், அடி வராது. தியேட்டர் பெட்டிகளில் எத்தனை கை பட்டிருக்கும்! கூம்பு மாற்றியவர், காயில் கட்டியவர், ஒயர் மாட்டியவர் என்று யார் எங்கே மாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. சிவப்பு முனைக்குப் பிளஸ் கொடுத்தால் கூம்பு உள்ளே போகும் ஸ்பீக்கர்களும் உண்டு, பழைய ஜேபிஎல் கம்பெனி ஸ்பீக்கர்கள் அப்படித்தான். அதனால் வண்ணத்தை நம்பாமல் கண்ணால் பாருங்கள்.

அடுத்து, ஆம்பில் பேஸைக் கூட்டுகிற விஷயம். ஒரு கோயில் கொடைக்கு நாலு குழாய் கட்டியிருந்தேன். ராத்திரி நான் சாப்பிடப் போன நேரத்தில் ஆம்பில் இருந்த பையன் பேஸ் திருகை முழுசாகத் திருப்பிவிட்டான். விடிவதற்குள் நாலு யூனிட்டின் டயாப்ரமும் (உள்ளே அதிரும் மெல்லிய தகடு) போய்விட்டது. குழாய் எவ்வளவு தாழ்ந்த சத்தத்தை வெளியே விடும் என்பது அதன் வாய் அகலத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே கொடுக்கிற கரண்ட் எல்லாம் டயாப்ரத்தை உதறுவதற்குத்தான் போகும். உங்கள் பெட்டிக்கும் இது பொருந்தும்.

3. நாலாம்மூலை (கோயம்புத்தூர்)

அண்ணன் சொன்னதுதான் அடிப்படை. அதைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் மரப்பெட்டிக்கு வழி தெளிவாகிவிடும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹாரன் ஒலியை உண்டாக்குவதில்லை. கூம்பு கனமானது, காற்று லேசானது. கனமான கையால் பஞ்சைக் குத்தினால் பஞ்சுக்குச் சக்தி போய்ச் சேராது. ஹாரன் அந்தக் காற்றைக் கழுத்தில் நெருக்கிப் பிடித்து, கூம்புக்கு எதிர்த்து நிற்க ஏதோ ஒன்றைக் கொடுக்கிறது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து அறைக்குள் இறக்கிவிடுகிறது. இதனால்தான் 1920களில் சில வாட் ஆம்பை வைத்துத் தியேட்டர் முழுக்கக் கேட்க வைத்தார்கள். 1926இல் வந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 555 டிரைவரும் அதற்கான நீளமான சுருட்டுக் குழாய்களும் அந்தக் கதைதான். ஒரு வாட்டுக்கு 90 டெசிபல் சத்தம் தரும் ஸ்பீக்கருக்கு 10 வாட் கேட்கிற இடத்தில், ஒரு வாட்டுக்கு 100 டெசிபல் தரும் ஹாரனுக்கு 1 வாட் போதும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. எக்ஸ்பொனன்ஷியல் ஹாரனில் பரப்பு எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்பதுதான் அதன் கீழ் எல்லையைத் தீர்மானிக்கிறது. 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 அதிர்வு) வேண்டும் என்றால் 31 செ.மீ.க்கு ஒருமுறை இரட்டிக்கலாம். 40 ஹெர்ட்ஸ் என்றால் 47 செ.மீ., 30 ஹெர்ட்ஸ் என்றால் 63 செ.மீ. தாழப் போகப் போக மெதுவாக விரிய வேண்டும், அதனால் நீளம் கூடும். வாய் இன்னும் பெரிய தலைவலி. வாயின் சுற்றளவு கீழ் எல்லையின் அலைநீளம் அளவுக்கு இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 40 ஹெர்ட்ஸின் அலைநீளம் 8.6 மீட்டர். அந்தச் சுற்றளவுள்ள வட்டத்தின் பரப்பு 63 சதுர அடி. மூன்று கதவுகளைச் சேர்த்து வைத்த அளவு!

அண்ணன் கட்டிய குழாயையே எடுத்துக்கொள்ளுங்கள். வாய் 20 அங்குல விட்டம் என்றால் சுற்றளவு 1.6 மீட்டர். அது 215 ஹெர்ட்ஸ் அலைநீளம். பேஸ் திருகு வேலை செய்வது அதற்குக் கீழே. டயாப்ரம் ஏன் போனது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இப்போது உங்கள் ஏ7. கீழே வூஃபருக்கு முன்னால் தெரிகிற ஹாரன் வாய் சுமாராக 70 செ.மீ.க்கு 60 செ.மீ. இருக்கும். தரையில் வைத்தால் அது 105 ஹெர்ட்ஸ் வாக்கில் கைவிட்டுவிடும். அதற்குக் கீழே உங்கள் பெட்டி ஹாரனே இல்லை, சாதாரண போர்ட் பெட்டிதான். இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். தியேட்டரில் இதே பெட்டி எப்படிப் பேசியது என்று கேட்பீர்கள். பெரிய அமைப்புகளில் இரண்டு பக்கமும் பலகை இறக்கை கட்டுவார்கள், இல்லையென்றால் திரைக்குப் பின்னால் சுவர் போல அடைத்து அதில் பதிப்பார்கள். உங்கள் பெட்டிக்கு இறக்கை இருந்த அடையாளம், திருகு ஓட்டை ஏதாவது பக்கப் பலகையில் தெரிகிறதா? இரண்டரை அடி அகலப் பெட்டி தனியாக அறை நடுவில் நின்றால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பின்பக்கமும் சுற்றிப் போய்விடும். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மிச்சம்தான் வரும்.

4. மரப்பெட்டி

குழாய்செட் அண்ணா, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். பேட்டரி வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் முன்னால் வந்தது, வலது பக்கம் உள்ளே போனது! வலது வூஃபரில் கூம்பு மாற்றிய அடையாளம் இருக்கிறது, பசை நிறம் வேறு. ஒயரை மாற்றி மாட்டினேன். பேஸ் கிட்டார் திரும்பி வந்துவிட்டது. முழுசாக இல்லை, ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. மூன்று மாதமாக இப்படியே கேட்டிருக்கிறேன் என்று நினைத்தால் மனசு அடித்துக்கொள்கிறது.

நாலாம்மூலை, பக்கப் பலகையில் ஒரு வரிசை திருகு ஓட்டை இருக்கிறது, பட்டி வைத்து மூடியிருக்கிறார்கள். இறக்கைதான் போல.

ஒரு சந்தேகம். நாயனத்தில் பாரி நாயனம் திமிரியை விட நீளம், அதனால் சுருதி இறங்குகிறது. நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை காலத்தில் பாரி நிலைத்ததும் அந்தக் கனத்துக்காகத்தான். அதே போல ஹாரனை நீளமாக்கினாலே பேஸ் இறங்கிவிடாதா?

5. நாலாம்மூலை

உவமை அழகு, ஆனால் பாதி தூரம்தான் வரும். நாயனத்தில் குழலுக்குள் இருக்கிற காற்றுத் தம்பம் தன் சொந்தச் சுரத்தில் அதிர வேண்டும், அதற்குத்தான் நீளம். ஸ்பீக்கர் ஹாரன் எந்தச் சுரத்திலும் தானாகப் பாடக் கூடாது. எல்லாவற்றையும் ஒன்று போல வெளியே விட வேண்டும். நீளத்தைக் கூட்டி வாயைச் சின்னதாக விட்டால் அலை வாயில் முட்டித் திரும்பும், சில சுரம் மட்டும் துருத்திக்கொண்டு கேட்கும். “ஹாரன் சத்தம்” என்று மக்கள் முகம் சுளிப்பது பெரும்பாலும் அதைத்தான். நாயனத்தின் நுனியில் விரிந்த அணசு இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், ஒலி வெளியே இறங்க அந்த விரிவும் வேண்டியிருக்கிறது.

6. வால்வுவாசி (சென்னை)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 416 கூம்பும் 811 குழாயும் உள்ள ஜோடி இன்றைக்கு எளிதில் கிடைப்பதில்லை. தயவுசெய்து பெட்டியை வெட்டாதீர்கள், துளை போடாதீர்கள். உள்ளூர் ஆசாரி செய்தது என்று சொல்கிறீர்கள், அதுவே ஒரு வரலாறு. அந்தப் பென்சில் கணக்கை ஒரு போட்டோ எடுத்துப் பத்திரமாக வையுங்கள். ஒரு தியேட்டரின் முழு வாழ்நாளும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

7. உளிச்சத்தம் (தஞ்சாவூர்)

வால்வுவாசி சார் சொல்வது நியாயம். ஆனால் வெட்டாமலேயே நிறையச் செய்யலாம். நான் தச்சு வேலைக்காரன், பெட்டி பேசுவதைக் கேட்டுப் பழகியவன்.

ஐம்பது வருஷப் பெட்டியில் மூட்டு எல்லாம் விட்டிருக்கும். வஜ்ஜிரப் பசை காய்ந்து பொடியாகியிருக்கும். பலகை சுருங்கித் தலைமயிர் அளவு இடைவெளி விழும். அந்த இடைவெளியில் காற்றுப் போனால் போர்ட் போட்டதற்கு அர்த்தமே இல்லை. கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். போனில் 30 ஹெர்ட்ஸ் டோன் ஓட விட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஊதுபத்தி கொளுத்தி மூட்டு ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். ஒழுகாத இடத்தில் புகை நேராக ஏறும். ஒழுகுகிற இடத்தில் நடுங்கி விலகும். பின்பலகை, ஒயர் வெளிவரும் ஓட்டை, வூஃபர் பதித்த விளிம்பு இவை மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள்.

அடைப்பதற்கு மரத்தூளையும் பெவிகாலையும் குழைத்த பட்டி போதும். பின்பலகைக்குப் பழைய சைக்கிள் டியூபைக் கீறி வாஷராகப் போடுங்கள், எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். திருகு 6 அங்குலத்துக்கு ஒன்று இருக்கட்டும்.

அடுத்து பலகை அதிர்வு. பக்கப் பலகையில் கையை விரித்து வைத்து, முட்டியால் தட்டுங்கள். “டொம்” என்று நீண்டால் பலகையும் சேர்ந்து பாடுகிறது என்று அர்த்தம். “டக்” என்று நிற்க வேண்டும். உள்ளே இரண்டு பக்கத்தையும் இணைத்து 2 அங்குலத் தேக்கு ரீப்பர் (மரச் சட்டம்) இறுக்கமாக ஏற்றினால் போதும். சரியாக நடுவில் வைக்காதீர்கள், மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வையுங்கள். நடுவில் வைத்தால் இரண்டு பாதியும் ஒரே அதிர்வில் பாடும்.

8. பனிக்காடு (டொராண்டோ)

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கு கிளிப்ஷ் கம்பெனியின் லா ஸ்கேலா ஸ்பீக்கர் ஜோடி வைத்திருக்கிறேன், எழுபதுகளில் செய்தது. கதை ஏறக்குறைய உங்களுடையதுதான், அதனால் எழுதுகிறேன்.

லா ஸ்கேலா பொதுக்கூட்டத்துக்காகப் பிறந்த பெட்டி. 1960களில் அர்க்கன்சாஸ் ஆளுநர் தேர்தலில் நின்ற வின்த்ராப் ராக்பெல்லரின் பிரசாரத்துக்காகப் பால் கிளிப்ஷ் செய்தது என்பார்கள். குழாய்செட் அண்ணனுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். அதன் பேஸ் ஹாரன் மடித்தது, ஆனால் சின்னது. 50 ஹெர்ட்ஸ் வாக்கில் சட்டென்று விழுந்துவிடும். ஆனால் 100 ஹெர்ட்ஸில் அது தரும் மத்தள அடி இருக்கிறதே, நெஞ்சில் வந்து படும்.

நான் முதலில் செய்த பிழை, பெரிய சப்வூஃபர் (மிகத் தாழ்ந்த ஒலிக்கு மட்டுமான ஸ்பீக்கர்) ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்ததுதான். அறை முழுக்க உறுமல், ஆனால் பாட்டோடு சேரவில்லை. பிறகுதான் பெட்டியைக் கவனித்தேன். லா ஸ்கேலாவின் பக்கப் பலகைகள் முக்கால் அங்குலம், ஹாரன் வாயில் பிடிமானம் இல்லாமல் பெரிய கதவு மாதிரி நிற்கும். 150 ஹெர்ட்ஸ் பக்கம் கை வைத்தால் நடுங்குவது தெரியும். இதைப் பல பேர் சரி செய்திருக்கிறார்கள், பிறகு கம்பெனியே பலகையை ஒரு அங்குலமாகத் தடிப்பாக்கிவிட்டது. நான் வெளிப்பக்கம் இன்னொரு முக்கால் அங்குல பர்ச் ப்ளைவுட் ஒட்டினேன். பேஸ் கூடியது என்று சொல்ல மாட்டேன், தெளிந்தது. பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக விழுந்தது.

அதன் பின்னர் சப்வூஃபரைத் திரும்பச் சேர்த்தேன், 55 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும். மடித்த ஹாரனுக்குள் ஒலி நடந்து வர நேரம் எடுக்கும். பாதையில் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 3 மில்லி செக்கன். அந்த அளவு சப்வூஃபரைத் தாமதப்படுத்தினால்தான் இரண்டும் ஒரே அடியாகக் கேட்கும். இதை விட்டதால்தான் முதலில் சேரவில்லை.

மரப்பெட்டி தம்பிக்கு இங்கே ஒரு நன்மை இருக்கிறது. எங்கள் வீட்டுச் சுவர் மரச் சட்டமும் ஜிப்சம் பலகையும். பேஸ் அதில் பாதி ஊடுருவிப் போய்விடும். உங்களுக்குச் செங்கல் சுவர். மூலையைப் பயன்படுத்துங்கள்.

9. நாலாம்மூலை

பனிக்காடு, நான் இந்தப் பெயர் வைத்துக்கொண்டதே அதற்காகத்தான்!

63 சதுர அடி என்று சொன்னேன் இல்லையா. அது ஹாரன் வெட்டவெளியில் தொங்கினால். தரையில் வைத்தால் தரை கண்ணாடி போல மறுபாதியைக் காட்டும், 32 போதும். தரையும் ஒரு சுவரும் சேர்ந்தால் 16. மூலையில் 8 சதுர அடி போதும், ஒரு சின்ன ஜன்னல் அளவு. வீட்டில் பேஸ் ஹாரன் என்று ஒன்று சாத்தியமாவதே மூலையால்தான். லண்டனில் பால் வாய்ட் 1934 வாக்கில் மூலை ஹாரன் செய்தார். கிளிப்ஷ் 1940களில் அதை இன்னும் நுட்பமாக மடித்து, அறைச் சுவரையே ஹாரனின் கடைசிப் பகுதியாக ஆக்கினார். 1946இல் அர்க்கன்சாஸில் ஹோப் என்ற சின்ன ஊரில் கம்பெனி தொடங்கினார், கிளிப்ஷ்ஹாரன் இன்றுவரை விற்பனையில் இருக்கிறது. அத்தனை வருஷம் ஒரே யோசனை நிற்கிறது என்றால் அதில் சத்து இருக்கிறது.

வீட்டில் புதிதாகச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு தருகிறேன். மூலை ஹாரன், 40 ஹெர்ட்ஸ், கழுத்து 500 சதுர செ.மீ., வாய் 7,300 சதுர செ.மீ. நாலு தடவைக்குச் சற்றுக் குறைவாக இரட்டிக்க வேண்டும், 47 செ.மீ.க்கு ஒன்று, மொத்தம் 183 செ.மீ. ஆறடி. அதை மடித்தால் ஒரு பீரோ அளவுக்குள் அடங்கும்.

பின்னறை, அதாவது வூஃபருக்குப் பின்னால் இருக்கிற மூடிய அறை, எவ்வளவு என்று எல்லாரும் தடுமாறுவார்கள். கிளிப்ஷின் விதி எளிது: கழுத்துப் பரப்பு, இரட்டிக்கும் நீளம், 2.9 மூன்றையும் பெருக்க வேண்டும். 500, 47.3, 2.9 பெருக்கினால் சுமார் 68 லிட்டர். ஹாரனின் கழுத்தில் எல்லைக்கு அருகே காற்று வெறும் பாரமாக நிற்கும். பின்னறைக் காற்று ஸ்பிரிங்காக நின்று அந்தப் பாரத்தைச் சரிக்கட்டும். பின்னறையில் ஊசி முனை ஒழுகல் இருந்தாலும் இந்தக் கணக்கு குலைந்துவிடும், உளிச்சத்தம் சொன்னதை இங்கே இரண்டு மடங்கு கவனமாகச் செய்யுங்கள்.

நம் வீடுகளில் ஒரு சங்கடம் உண்டு. ஒரே சுவரின் இரண்டு மூலையும் காலியாக இருக்கிற அறை கிடைப்பது அரிது. ஒரு மூலையில் கதவு இருக்கும், இல்லாவிட்டால் சாமி அலமாரி. அதற்கு என்னிடம் மாற்று இல்லை, வீடு கட்டும்போதே யோசிக்க வேண்டியதுதான்.

மரப்பெட்டி, உங்கள் போர்ட்டின் அளவும் பெட்டியின் உள் கொள்ளளவும் எழுதுங்கள்.

10. குழாய்செட்

தேர்தலுக்குச் செய்த பெட்டியா! சந்தோஷம். எல்லா ஊரிலும் மைக் செட்காரன் பாடு ஒன்றுதான் போலிருக்கிறது.

தம்பி, 811 குழாயையும் தட்டிப் பாருங்கள். வெண்கலக் கிண்ணம் மாதிரி ஒலிக்கும். கார் கதவுக்குள் ஒட்டுகிற தார் ஷீட் கடையில் கிடைக்கும், வெளிப்பக்கம் ஒட்டிவிடுங்கள். இது பேஸுக்காக இல்லை. மேலே கூச்சல் குறைந்தால் காது கீழே இருப்பதைக் கவனிக்கும்.

11. மரப்பெட்டி

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறீர்கள், வேலையை முடிக்காமல் வந்து நிற்கக் கூடாது என்று நினைத்தேன்.

முதலில் ஊதுபத்தி. உளிச்சத்தம் அண்ணா, அது வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் நம்பவே முடியவில்லை. ராத்திரி பத்து மணி, விசிறியும் விளக்கும் அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். 30 ஹெர்ட்ஸ் காதுக்குக் கேட்கவே இல்லை, தரையில் உட்கார்ந்தால் தொடையில் தெரிந்தது. பக்கப் பலகை மூட்டில் புகை நூல் பிடித்தது போல நேராக ஏறியது. பின்பலகையின் கீழ் மூலைக்கு வந்ததும் படபடவென்று சிதறியது. வலது பெட்டியில் மட்டும் ஏழு இடம். வூஃபர் விளிம்பில் இருந்த கார்க் வாஷர் கையில் எடுத்ததும் உதிர்ந்துவிட்டது. எல்லாம் அடைத்தேன். சைக்கிள் டியூப் வாஷர் போட்டேன்.

ரீப்பர் ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று. வால்வுவாசி சார் கவலைப்பட வேண்டாம். ஒட்டவில்லை, இரண்டு பக்கமும் ஆப்பு வைத்து இறுக்கியிருக்கிறேன். தட்டினால் எடுத்துவிடலாம். பென்சில் கணக்கை நாலு போட்டோ எடுத்தேன், அதன் மேல் பஞ்சு படாதபடி ஒரு ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) குத்தியிருக்கிறேன். பின்பலகையிலும் மேல் பலகையிலும் இலவம்பஞ்சு மெல்லிசாகத் துணியில் தைத்துத் தொங்கவிட்டேன். போர்ட் வாயை விட்டு ஒரு அடி தள்ளி.

அளவு: உள் கொள்ளளவு 240 லிட்டர் வருகிறது. போர்ட் 600 சதுர செ.மீ., பலகைத் தடிமன் மட்டும்தான், குழல் கிடையாது.

12. நாலாம்மூலை

அப்படியென்றால் உங்கள் பெட்டி 58 ஹெர்ட்ஸில் ட்யூன் ஆகியிருக்கிறது, அதாவது பெட்டிக் காற்றும் போர்ட்டும் சேர்ந்து அதிர்வது அங்கேதான். அதற்குக் கீழே வூஃபர் பிடிப்பில்லாமல் ஆடும், ஒலி சரேலென்று இறங்கும். போர்ட்டைப் பெரிதாக்கியிருந்தால் இன்னும் மேலே ஏறியிருக்கும்! முதல் பதிவில் இருந்த மூன்று யோசனையில் ஆபத்தானது அதுதான்.

நீங்கள் கேட்கும் பாட்டுக்கு எவ்வளவு தேவை என்று பாருங்கள். நாலு தந்தி பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அங்கே ட்யூன் செய்தால் போதும். போர்ட்டின் ஒரு பகுதியைப் பலகையால் மூடி 350 சதுர செ.மீ. ஆக்குங்கள். அதற்கு உள்பக்கமாக 9 செ.மீ. நீளக் குழல் கொடுங்கள். கணக்குப்படி 42 ஹெர்ட்ஸ் வரும். திருகில் நிற்கட்டும், ஒட்ட வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் சுற்றி ஒரு டெசிபல், ஒன்றரை டெசிபல் குறையலாம், அதை மூலை திருப்பிக் கொடுத்துவிடும்.

இதைக் காதால் சரிபார்க்காதீர்கள். ஒலி அளக்கும் ஆர்ஈடபிள்யூ மென்பொருள் இலவசம். ஒரு ரெசிஸ்டரும் சவுண்ட் கார்டும் இருந்தால் இம்பீடன்ஸ் (ஒவ்வொரு ஹெர்ட்ஸிலும் ஸ்பீக்கர் காட்டும் மின் எதிர்ப்பு) வரைபடம் எடுக்கலாம். இரண்டு மேடு தெரியும், நடுவில் இருக்கிற பள்ளம்தான் ட்யூனிங்.

18 அங்குல வூஃபர் யோசனையையும் விட்டுவிடுங்கள். பெட்டி அளவு, திறன், தாழ்ந்த பேஸ் மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்பது ஹாஃப்மனின் இரும்பு விதி. புது சப்வூஃபர் யூனிட்டுகள் பெரும்பாலும் திறனைக் கொடுத்து ஆழத்தை வாங்கியவை. கனத்த கூம்பு 800 ஹெர்ட்ஸ் வரைக்கும் போய் 811 குழாயோடு கைகோக்காது. குரல் நடுவில் ஓட்டை விழும். அந்தக் குரலுக்காகத்தானே இந்தப் பெட்டியை வாங்கினீர்கள்.

13. வால்வுவாசி

ஒரு விஷயம் விட்டுப்போகிறது. 416இல் காந்தம் ஆல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்). பழைய ஆல்னிகோ காலப்போக்கில் சக்தி இழக்கும், முக்கியமாக யாராவது காந்தத்தைக் கழற்றி மாட்டியிருந்தால். வலது வூஃபரில் கை பட்டிருக்கிறது என்கிறீர்கள். இரண்டின் இம்பீடன்ஸ் வரைபடத்தையும் ஒப்பிடுங்கள். ஒரே வோல்ட்டேஜில் ஒரு பக்கம் இரண்டு மூன்று டெசிபல் குறைந்தால் காந்தமேற்றக் கொடுக்க வேண்டும்.

14. மரப்பெட்டி

வரைபடம் எடுத்தேன். பள்ளம் முன்பு 57இல் இருந்தது, இப்போது 43இல். கணக்கு ஒரு ஹெர்ட்ஸ்தான் தப்பு, ஆச்சரியம். வூஃபர் இரண்டும் அரை டெசிபல் வித்தியாசத்துக்குள் இருக்கின்றன, காந்தம் நன்றாக இருக்கிறது.

அப்புறம் இடம். இடது பக்கம் மூலை காலி. வலது மூலையில் பீரோ நின்றது. அம்மாவிடம் கேட்டேன், தயங்காமல் “நகத்து” என்று சொல்லிவிட்டார். இரண்டு பெட்டியையும் மூலையில் ஒட்டி, உட்காரும் இடத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். பெட்டிக்கும் பக்கச் சுவருக்கும் நடுவில் விழுந்த சந்தை ப்ளைவுட் பலகையால் அடைத்தேன். பழைய திருகு ஓட்டையிலேயே அது உட்கார்ந்தது. இறக்கை திரும்பி வந்த மாதிரி.

அளந்ததில் 60 ஹெர்ட்ஸ் பக்கம் முன்பைவிட 7 டெசிபல் கூடியிருக்கிறது. 40இல் ஒரு பெரிய மேடு, அது 14 அடி நீளத்தால் வருகிற அறை எதிரொலி என்று தெரிகிறது. நாற்காலியை இரண்டடி முன்னால் நகர்த்தியதும் பாதியாகக் குறைந்துவிட்டது.

நேற்று ராத்திரி அதே பாட்டைப் போட்டேன். பேஸ் கிட்டார் சரணத்துக்கு முன்னால் படியிறங்குகிற இடம் ஒன்று இருக்கிறது. இத்தனை வருஷம் அது மூன்று படி என்று நினைத்திருந்தேன். நாலு இருக்கிறது.

15. பனிக்காடு

நாலாவது படி எந்தச் சுரம்?

16. மரப்பெட்டி

கீழ் எஃப். 43 அல்லது 44 ஹெர்ட்ஸ். சரியாக ட்யூன் செய்த இடம்.

இப்போது ஒரே ஒரு பிரச்சினை. அந்த நாலாவது படி வரும்போது எதிர்ச் சுவருக்குப் போன பீரோவின் கைப்பிடி கிண்கிணிக்கிறது. கைப்பிடிக்குப் பின்னால் மிச்சமிருந்த சைக்கிள் டியூபை வைத்திருக்கிறேன். ரீப்பர் வைத்த இடம், போர்ட் குழல் இரண்டுக்கும் அளவோடு ஒரு படம் வரைந்து ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.